ட்ரோன் பறக்க பர்மிஷன் இருக்கு. பக்கத்து வீட்டைப் படம் பிடிக்க இல்லை



போன வருஷம் மனை வாங்குறதைப் பத்தி ஒரு வீடியோ எடுத்தோம். திண்டிவனத்துக்குப் பக்கத்துல ஒரு லேஅவுட். பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று எல்லாத்தையும் விளக்கியாச்சு. மேலே இருந்து ஒரு ஷாட் இருந்தா பாதை எப்படி வருது, மழைத் தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு பார்க்கிறவங்களுக்கு நல்லா புரியுமேன்னு தோணுச்சு. அரை நாளைக்கு 5,000 ரூபாய் பேசி ஒரு ட்ரோன் ஆபரேட்டரைக் கூட்டிட்டுப் போனோம். தம்பி நல்லா வேலை பார்த்தார். பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சுது.

ரெண்டு நாள் கழிச்சு எடிட்டிங்ல உட்கார்ந்தப்போதான் கவனிச்சோம். லேஅவுட் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஓட்டு வீடு. அதோட பின்பக்கம் கீத்துத் தட்டி வெச்சு மறைச்ச குளிக்கிற இடம். மேல கூரை கிடையாது. உள்ளே ஒரு அம்மா குளிச்சிட்டு இருந்திருக்காங்க. ட்ரோன் சத்தம் கேட்டு, சேலையை இழுத்துப் போர்த்திக்கிட்டு சட்டுனு ஓரமா ஒதுங்குறாங்க. மொத்தமே நாலு வினாடிதான்.

எங்க எடிட்டர் "பிளர் பண்ணிடலாம்ணே"ன்னார். வேணாம், வெட்டிடுங்கன்னு சொல்லி அந்த ஷாட்டையே தூக்கிட்டோம். பிரச்சனை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைச்சுது. நாங்க வெட்டினது எங்க காப்பியை மட்டும்தான். ஒரிஜினல் அந்தத் தம்பியோட மெமரி கார்டுல இருக்கு. மறுநாள் நேர்லயே போய்க் கேட்டேன். கார்டுல இருந்து லேப்டாப்புக்கு, லேப்டாப்புல இருந்து ஹார்ட் டிஸ்குக்குன்னு மூணு இடத்துல இருந்துச்சு. ஏழெட்டுக் கல்யாண வீடியோவுக்கு நடுவுல ஒரு ஃபோல்டர். "நாங்க என்ன சார் பண்ணப் போறோம்?"னார். தப்பா எதுவும் செய்ய மாட்டார்னு எனக்கும் தெரியும். ஆனா அந்த ஹார்ட் டிஸ்க் நாளைக்கு யார் கையில போகும்னு அவருக்கே தெரியாது. முன்னாடியே உட்கார்ந்து மூணு இடத்துலயும் அழிச்சிட்டு வந்தேன்.

அப்புறம் என் மனைவியைக் கூட்டிட்டு அந்த வீட்டுக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா கோபப்படலை. "எத்தனை பேரு பாத்தீங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. மூணு பேரும்மான்னு சொன்னேன்.

இதை ஏன் ஒரு பணம் சம்பந்தப்பட்ட இடத்துல எழுதுறேன்னு கேக்கலாம். எங்ககிட்ட ஆலோசனை கேக்கிற பலர் இப்போ சைடு பிசினஸா ட்ரோன் வாங்கலாமான்னு கேக்குறாங்க. கல்யாணம், ரியல் எஸ்டேட், கோயில் திருவிழான்னு வேலை இருக்கு. லோன் போட்டாவது வாங்கலாம்னு நினைக்கிறவங்ககூட இருக்காங்க. வருமானக் கணக்கு எல்லாரும் போடுறாங்க. ரிஸ்க் கணக்குல எல்லாரும் ஒரே ஒரு வரியைத்தான் சொல்றாங்க: "கிரீன் ஜோன் சார், பர்மிஷனே தேவையில்லை."

அந்த வரி பாதி உண்மை. 2021 ஆகஸ்ட் 25-ல வந்த ட்ரோன் விதிகள்படி, கிரீன் ஜோன்ல 400 அடி உயரம் வரைக்கும் பறக்க முன் அனுமதி தேவையில்லை. விமான நிலையச் சுற்றுச்சுவர்ல இருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தூரத்துல இருந்தா அது 200 அடி. இன்னும் கிட்ட போகப் போக மஞ்சள், சிவப்புன்னு மாறும். முக்கியப் புள்ளிகள் வர்ற நாள்ல மாநில அரசு ஒரு இடத்தைத் தற்காலிக ரெட் ஜோனா 96 மணி நேரம் வரைக்கும் அறிவிக்கலாம். அதனால நேத்து பச்சையா இருந்தது இன்னைக்குப் பச்சையா இருக்கும்னு உத்தரவாதம் இல்லை. டிஜிட்டல் ஸ்கை மேப்பை அன்னன்னைக்குப் பார்த்துட்டுத்தான் பறக்கணும்.

ஆனா இது எல்லாமே மேல போற விமானத்துக்கு இடைஞ்சல் வரக்கூடாதுங்கிறதுக்காக எழுதின விதி. கேமரா கீழே எதைப் பார்க்குதுங்கிற கேள்விக்கு அந்த வண்ண மேப்புல பதிலே கிடையாது. நானும் அன்னைக்கு "கிரீன் ஜோன், 400 அடிக்குக் கீழ, எல்லாம் சரி"ன்னுதான் நினைச்சிட்டு இருந்தேன்.

இதுல ஒரு கூத்து இருக்கு. இதே 2021 மார்ச்சுல வேற ஒரு ட்ரோன் விதிகளை மத்திய அரசு கொண்டு வந்தது. படம் எடுக்கிறவங்க தனிநபரோட அந்தரங்கத்தையும் அவங்க சொத்தையும் மதிச்சுத்தான் எடுக்கணும்ங்கிற பொருள்ல அதுல ஒரு வரி இருந்துச்சு. அஞ்சே மாசத்துல அந்த விதிகளைத் தூக்கிட்டுப் புதுசைக் கொண்டு வந்தாங்க. 25 படிவம் 5 ஆச்சு. 72 வகைக் கட்டணம் 4 ஆச்சு. அதுக்கெல்லாம் நான் கைதட்டுறேன், நிஜமாவே. வயலுக்கு மருந்தடிக்கிற ஒரு விவசாயி எதுக்கு 25 படிவம் நிரப்பணும்? ஆனா குப்பையைக் கூட்டும்போது குழந்தையோட கொலுசும் போன மாதிரி, அந்த அந்தரங்க வரியும் சேர்ந்து போயிடுச்சு. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு உச்ச நீதிமன்றத்தோட ஒன்பது நீதிபதிகள் ஒருமனதா சொன்னது 2017 ஆகஸ்ட் 24. புது ட்ரோன் விதிகள் வந்தது சரியா நாலு வருஷமும் ஒரு நாளும் கழிச்சு.

நம்ம ஊர்ல மறைப்புங்கிறதே பக்கவாட்டுல கட்டுறதுதான். தட்டி, வேலி, காம்பவுண்டு சுவர், ஜன்னல் திரை எல்லாமே தரையில நின்னு பார்க்கிற கண்ணுக்காக வெச்சது. மேல திறந்திருக்கிறது அஜாக்கிரதை இல்லை. காத்து வரணும், வெளிச்சம் வரணும், கூரை போடக் காசு வேணும். மொட்டை மாடியில துணி காயப் போடுறோம், வத்தல் போடுறோம், வெயில் காலத்துல குடும்பத்தோட படுத்துத் தூங்குறோம். அந்த இடத்தை யாரும் பார்க்க முடியாதுங்கிற நம்பிக்கையில கட்டின வீடுகள் இது. "கூரை போட்டுக்க வேண்டியதுதானே"ன்னு சொல்றவங்க, ட்ரோன் ஓட்டுறவரோட செலவை அந்த அம்மா தலையில கட்டுறாங்க.

விதியில வரி இல்லைன்னா சட்டமே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. இங்கதான் பணமும் ஜெயிலும் வருது.

பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவு. தன்னை யாரும் பார்க்க மாட்டாங்கன்னு ஒரு பெண் நியாயமா எதிர்பார்க்கிற சூழல்ல, அவங்களோட அந்தரங்கமான செயலைப் பார்த்தாலோ, படம் எடுத்தாலோ, பரப்பினாலோ குற்றம். முதல் தடவை குறைஞ்சது ஒரு வருஷம், அதிகபட்சம் மூணு வருஷம், கூடவே அபராதம். ரெண்டாவது தடவைன்னா மூணுல இருந்து ஏழு வருஷம். ஐ.டி. சட்டம் 66இ பிரிவு ஆண் பெண் எல்லாருக்கும் பொருந்தும். வேணும்னோ தெரிஞ்சோ ஒருத்தரோட அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமில்லாம படம் எடுத்தா, பரப்பினா மூணு வருஷம் வரை ஜெயில், இல்லைன்னா 2 லட்சம் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டும். எங்க விஷயத்துல அது தெரியாம நடந்தது. நிரூபிச்சிருக்கலாம். ஆனா எங்கே நிரூபிக்கணும்? ஸ்டேஷன்ல, அப்புறம் கோர்ட்ல, வக்கீல் ஃபீஸ் கட்டிட்டு. தெரிஞ்ச பிறகும் அப்படியே அப்லோடு பண்ணியிருந்தா "தெரியாம"ங்கிற வார்த்தையும் போயிருக்கும்.

ட்ரோன் விதிகளை மீறினா அதிகபட்ச அபராதம் 1 லட்சம். பல பேர் இதை மட்டும் பார்த்துட்டு "மிஞ்சிப் போனா ஒரு லட்சம்"ங்கிறாங்க. மேல சொன்னதைப் பார்த்தா, இருக்கிற ஆபத்துலயே சின்னது அதுதான்.

சரி, படம் அவ்வளவு மோசமா எதுவும் இல்லை, என் வீட்டு மேல சும்மா பறக்குது, அதுக்கு என்ன? மண்ணுக்குச் சொந்தக்காரன் வானம் வரைக்கும் சொந்தக்காரன்னு ஒரு பழைய சட்ட வாசகம் உண்டு. அது இப்போ அப்படியே செல்லாது. 1977-ல இங்கிலாந்துல ஒரு வழக்கு. ஒரு கம்பெனி விமானத்துல போய் வீடுகளைப் படம் எடுத்து, அந்தந்த வீட்டுக்காரங்ககிட்டயே விக்கிற பிசினஸ் பண்ணுச்சு. (யோசிச்சுப் பார்த்தா இன்னைக்கு நம்ம ட்ரோன் பசங்க பண்றதும் அதேதான்.) பெர்ன்ஸ்டைன்னு ஒரு பிரபு, கிரானடா டிவியோட முதலாளி, அவர் மாளிகையைப் படம் எடுத்து அவருக்கே விலை சொன்னாங்க. மனுஷன் கேஸ் போட்டார். தோத்தார். வீட்டையும் நிலத்தையும் வழக்கமா அனுபவிக்கத் தேவையான உயரம் வரைக்கும்தான் உன் வானம், அதுக்கு மேல பொது வானம்னு கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா அதே தீர்ப்புல, ஒருத்தர் வீட்டைத் தொடர்ந்து மேலிருந்து கண்காணிச்சுப் படம் எடுத்துக்கிட்டே இருந்தா அது வேற கதைன்னும் ஒரு வார்த்தை இருக்கு.

நம்ம நாட்டு 1934 விமானச் சட்டமும் இதே போக்குலதான் இருந்துச்சு. நியாயமான உயரத்துல பறந்தது என்ற ஒரே காரணத்துக்காக அத்துமீறல்னு சிவில் வழக்கு போட முடியாதுன்னு அதுல 17-வது பிரிவு. 2025 ஜனவரி 1-ல இருந்து அந்தச் சட்டத்துக்குப் பதிலா பாரதிய வாயுயான் அதினியம் வந்தாச்சு. நான் கவனிக்கச் சொல்றது "நியாயமான உயரம்", "பறந்த ஒரே காரணம்"ங்கிற ரெண்டு சொல்லை. உங்க மாடிக்கு 15 அடி மேல நின்னு படுக்கையறை ஜன்னலைப் பார்க்கிற கேமராவை "சும்மா பறந்துச்சு"ன்னு எந்த நீதிபதிகிட்ட சொல்ல முடியும்?

தனியாரே அந்தரங்கத்துல தலையிட்டாலும் நஷ்டஈடு கேக்கலாம்ங்கிறதுக்கு வழி காட்டின தீர்ப்பு நம்ம ஊர்ல இருந்து போனதுதான். ஆட்டோ சங்கர் சுயசரிதை விவகாரத்துல நக்கீரன் தரப்பு போட்ட வழக்கு, 1994. தமிழ்நாட்டுல நஷ்டஈடு வழக்குக்குக் கோர்ட் ஃபீஸ் கேக்கிற தொகையில 3 சதவீதம். 5 லட்சம் கேட்டா 15,000 முன்னாடியே கட்டணும். வக்கீல் செலவு தனி. அதனால, பாதிக்கப்பட்டவங்க எல்லாரும் கோர்ட்டுக்குப் போகலாம்னு நான் சொல்ல மாட்டேன். வசதி இருக்கிறவருக்கு இந்த வழி. அந்த ஓட்டு வீட்டு அம்மாவுக்கு இந்த வழி காகிதத்துலதான் இருக்கு. அதனாலதான் விதியிலயே அந்த வரி வேணும்ங்கிறேன்.

அரசாங்கமும் பறக்க விடுது. கோவையில சொத்து வரிக்காக மாநகராட்சி ட்ரோன் சர்வே எடுத்தப்போ எவ்வளவு எதிர்ப்பு கிளம்புச்சுன்னு பார்த்தோம். வரியை ஒழுங்கா கட்டணும், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்லை. ஆனா 2017 தீர்ப்பு அரசுக்குத்தான் நேரடியாப் பொருந்தும். சட்டம் இருக்கணும், நியாயமான தேவை இருக்கணும், தேவைக்கு மிஞ்சிப் போகக்கூடாது. மாடியை அளக்க எடுத்த படம் அளந்து முடிச்ச பிறகு எங்கே போகுதுன்னு கேக்கிற உரிமை வரி கட்டுறவருக்கு உண்டு.

இப்போ ட்ரோன் வாங்கப் போற தம்பிங்களுக்கு. 250 கிராம் வரைக்கும் உள்ள நானோ ட்ரோனுக்கு பைலட் சான்றிதழ் வேணாம், தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸும் கட்டாயமில்லை. அதுக்கு மேல 2 கிலோ வரைக்கும் மைக்ரோ. அதை உங்க சொந்த ஆசைக்குப் பறக்க விட்டா சான்றிதழ் வேணாம். கல்யாணத்துக்குக் காசு வாங்கிட்டுப் பறக்க விட்டா வேணும். இன்சூரன்ஸ் கட்டாயம். உங்க பைக்குக்கு இருக்கிற அதே மாதிரி, மோட்டார் வாகனச் சட்டத்தோட தேர்ட் பார்ட்டி விதிகளையே இதுக்கும் பொருத்தியிருக்காங்க.

2022 பிப்ரவரி 9-ல இருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புக்குத்தான் விலக்கு. அப்புறம் எப்படி மார்க்கெட்ல புதுசு புதுசா கிடைக்குதுன்னு கேக்குறீங்களா? பில் இல்லாமதான். நான் கூட்டிட்டுப் போன தம்பிகிட்டயும் பில் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. அவரை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன், கேக்காம கூட்டிட்டுப் போனது நான்தான். பில் இல்லாத, பதிவு இல்லாத ட்ரோன் கல்யாண மண்டபத்துல ஒரு குழந்தை மேல விழுந்தா எந்த இன்சூரன்ஸ் கம்பெனி கிளைம் கொடுக்கும்? ஆஸ்பத்திரி பில் முழுசும் உங்க சேமிப்புல இருந்து போகும். ரெண்டு லட்சத்துக்கு ட்ரோன் வாங்கி மாசம் 20,000 சம்பாதிக்கலாம்னு போட்ட கணக்கு அந்த ஒரு நாள்ல முடிஞ்சுடும்.

இன்சூரன்ஸ் முறையா இருந்தாலும் தேர்ட் பார்ட்டிங்கிறது உடம்புக்கும் பொருளுக்கும் வர்ற சேதத்துக்குத்தான். அந்தரங்க வழக்குக்கு வர்ற செலவு அதுல சேருமான்னு ஏஜென்ட்கிட்ட தனியா கேட்டு, எழுத்துல வாங்குங்க. வாய் வார்த்தையா "எல்லாம் கவர் ஆகும் சார்"னு சொன்னா நம்பாதீங்க.

வீட்டு மேல ட்ரோன் வந்து கடுப்பானவங்களுக்கு ஒண்ணு. கல்லெடுத்து அடிக்காதீங்க. உண்டிவில்லும் வேணாம். ஆசை வரும், எனக்கும் வரும். ஆனா பி.என்.எஸ். 324-வது பிரிவு சேதப்படுத்துறதைப் பத்தி. சேதம் 20,000-ல இருந்து ஒரு லட்சத்துக்குள்ள இருந்தா ரெண்டு வருஷம் வரைக்கும், ஒரு லட்சத்தைத் தொட்டுட்டா அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். கல்யாண ட்ரோன் பலதும் லட்சத்தைத் தாண்டும். தற்காப்புன்னு சொல்லலாமேன்னா, சொத்துக்கான தற்காப்பு உரிமை திருட்டு, கொள்ளை, சேதம், அத்துமீறி நுழையறது இதுக்கெல்லாம்தான். எட்டிப் பார்க்கிற கேமரா இதுல எதுல அடங்கும்னு வாதாடுறது உங்க வக்கீலோட பாடு. தப்பு பண்ணினவன் புகார்தாரர் ஆகி, நீங்க குற்றவாளிக் கூண்டுல நிப்பீங்க.

அதுக்குப் பதிலா ஃபோனை எடுத்து ட்ரோனை வீடியோ எடுங்க. தேதி, நேரம் பதிவாகட்டும். சாதாரண ட்ரோன் அரை மணி நேரம் பறந்தாலே பெரிசு. ஓட்டுறவர் அதைக் கண்ணால பார்த்துட்டேதான் ஓட்டணும்ங்கிறதால பக்கத்துலதான் எங்கேயோ இருப்பார். அது எங்கே இறங்குதுன்னு பாருங்க. பாதி நேரம் நம்ம தெருக் கல்யாண வீட்டுப் பையனாத்தான் இருப்பான், போய்ச் சொன்னா கேட்டுக்குவான். கேக்கலைன்னா 112. ஸ்டேஷன்ல புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்காம வராதீங்க. வீடியோ நெட்ல ஏறிடுச்சுன்னா 1930 அல்லது சைபர் கிரைம் போர்ட்டல், கூடவே யூடியூபோட பிரைவசி புகார்ப் படிவம்.

லேஅவுட் வீடியோவை ட்ரோன் ஷாட் இல்லாமலே போட்டோம். பாதையையும் ஓடையையும் புலப்படத்தை வெச்சே விளக்கினோம். அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவைதான் ட்ரோன் அமர்த்தியிருக்கோம். அப்போ ஒரு பக்கத்துல எழுதிக் கையெழுத்து வாங்கினதைக் கீழே தர்றேன். கல்யாணத்துக்கோ மனை விளம்பரத்துக்கோ நீங்க யாரையாவது அமர்த்தினா வார்த்தையை அப்படியே எடுத்துக்கலாம். முக்கியமான ஒப்பந்தம்னா உங்க வக்கீல்கிட்ட ஒரு தடவை காட்டிக்கோங்க.

"ட்ரோனின் பதிவு எண், பைலட் சான்றிதழ், நடப்பு இன்சூரன்ஸ் ஆகியவற்றின் நகலை முன்பணம் பெறும் முன் தருகிறேன். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் நேரத்தை முன்கூட்டியே சொன்ன பிறகே பறக்க விடுவேன். எங்கள் எல்லைக்கு வெளியே உள்ள வீடு, மாடி, பின்கட்டு பதிவாகியிருந்தால் அந்தப் பகுதியை அன்றே நீக்குவேன். வேலை முடிந்த 7 நாளுக்குள் மெமரி கார்டு, லேப்டாப், ஹார்ட் டிஸ்க் மூன்றிலும் உள்ள ஒரிஜினலை ஒப்படைத்துவிட்டு, என் பிரதியை அழிப்பேன். மீதிப் பணம் அதன் பிறகே."